வீட்டுப் புகையிலை

விற்பதற்காக அல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கென்று கொல்லையிலும் தோட்டத்திலும் தொட்டியிலும் வளர்த்து, வளர்த்தவரே பதப்படுத்திக்கொள்ளும் புகையிலை வீட்டுப் புகையிலை எனப்படும். செடியை வளர்ப்பது எளிது. தக்காளியும் கத்தரியும் வருகிற மண்ணில், அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இதுவும் வரும். கடினமான வேலை அறுவடைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பறித்த இலையை வெயிலில் போட்டால் காய்ந்த இலைதான் கிடைக்கும். அது புகையிலை ஆவதற்கு வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் வாரக்கணக்கில், சில வகைகளுக்கு மாதக்கணக்கில் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். எளிதாக முளைத்துவிடுவதாலேயே இச்செடி 400 ஆண்டுகளாக வரி வாங்கும் அரசுகளுக்குத் தலைவலியாக இருந்து வந்திருக்கிறது.

செடி

வீட்டுத் தோட்டங்களில் வளர்பவை இரண்டு இனங்கள். நிகோடியானா டபாகம் ஆளுயரம் வளரும். இளஞ்சிவப்புப் பூவும் அகன்ற இலையும் கொண்டது. நிகோடியானா ரஸ்டிகா குட்டையானது. மஞ்சள் கலந்த பச்சைப் பூவும் தடித்த இலையும் உடையது, நிகோட்டின் அளவும் பெரும்பாலும் கூடுதல். இரண்டுமே தென்னமெரிக்காவில் தோன்றியவை. டபாகம், இரு காட்டு இனங்கள் கலந்து உருவான கலப்பினம். அதனால்தான் அதற்கு 48 குரோமோசோம்கள். லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்து பாரிஸ் அரசவைக்குப் புகையிலையை அனுப்பிவைத்த ழான் நிக்கோவின் பெயரே பேரினப் பெயராயிற்று.

வளர்ப்பவர் அறிந்திருக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. நிகோட்டின் இலையில் உண்டாவதில்லை. வேரில் உண்டாகி, நீரோடு மேலேறி இலையில் சேர்கிறது. தக்காளி வேரின் மேல் புகையிலைத் தண்டை ஒட்டுக்கட்டி வளர்த்தால் இலையில் நிகோட்டின் ஏறக்குறைய இராது. புகையிலை வேரின் மேல் தக்காளியை ஒட்டினால் தக்காளி இலையில் நிகோட்டின் வந்துவிடும். பூங்கொத்தைக் கிள்ளியதும் இலையில் காரம் ஏறுவதும் இதனால்தான்: வேர் தூண்டப்பட்டு நிகோட்டின் உற்பத்தி கூடுகிறது, அது போய்ச்சேர இலையைத் தவிர வேறு இடமில்லை.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்பதை மண்ணைவிடப் பதப்படுத்தும் வசதியே தீர்மானிக்க வேண்டும். வெர்ஜீனியா வகைக்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அறை வேண்டும். பர்லி வகைக்கு நிழலும் காற்றோட்டமும் போதும். 1864இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு விவசாயியின் நாற்றுகளிடையே பச்சையம் குன்றி வெளுத்துத் தெரிந்த செடிகளிலிருந்து வந்தது வெள்ளை பர்லி. இஸ்மிர், பாஸ்மா, சம்சுன் போன்ற துருக்கி வகைகளின் இலைகள் சிறியவை. நெருக்கி நடலாம், வெயிலிலேயே பதமாகும். வறண்ட வெயில் உள்ள ஊரில் முதன்முறை வளர்ப்பவருக்கு இவையே உகந்தவை.

நாற்றும் நடவும்

புகையிலை விதை தூசி போன்றது. ஒரு கிராமில் 10,000க்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். அதனால் மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவுவார்கள். மண்ணால் மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் தேவை. தண்ணீரைக் குடத்திலிருந்து நேரே ஊற்றினால் விதை ஓரிடத்தில் போய்க் குவிந்துவிடும். பூவாளியால் மெல்லத் தெளிக்க வேண்டும், அல்லது தொட்டியை நீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். முதல் மாதம் நாற்று ஊசிமுனை அளவிலேயே நிற்பதைப் பார்த்துப் புதியவர்கள் மனம் தளர்வார்கள். வேர் பிடித்தபின் வளர்ச்சி திடீரென வேகமெடுக்கும். 6 முதல் 8 வாரத்தில், ஒரு சாண் உயரம் வரும் முன்னரே பிடுங்கி நடலாம்.

பெரிய இலை வகைகளுக்குச் செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 90 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். தொட்டியானால் ஒரு செடிக்கு 15 முதல் 20 லிட்டர் மண்ணாவது வேண்டும். நீர் தேங்கினால் ஒரே நாளில் வாடிவிடும். தொடக்கத்தில் தழைச்சத்து தாராளமாக வேண்டும். பிற்பாடு அது மிஞ்சினால் இலை தடித்துக் கரும்பச்சையாகவே நின்று முற்றாது. சாம்பல்சத்தைப் பொட்டாசியம் குளோரைடாக இடக் கூடாது. குளோரைடு ஏறிய இலை சரியாக எரியாது, அணைந்து அணைந்து போகும். மெல்லும் புகையிலைக்கு எரிய வேண்டிய தேவையே இல்லை. உவர்நீர் பாயும் கடலோர மண்ணில் மெல்லும் புகையிலை செழித்ததில் இதற்கும் பங்குண்டு.

பூமொட்டு தலைகாட்டியதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அப்போது இலைக்கக்கங்களில் பக்கத் தளிர்கள் கிளம்பும். யாழ்ப்பாணத் தோட்டக்காரர்கள் இவற்றைக் கெட்டு என்பார்கள். வாரந்தோறும் கெட்டு முறிப்பது அங்கே ஒரு தனி வேலை. விதைக்கென ஒரே ஒரு செடியைப் பூக்க விட்டுத் துணிப்பையால் மூடி வைத்தால் போதும். தன்மகரந்தச் சேர்க்கையால் அது தரும் விதை ஊர் முழுவதற்கும் காணும். உலர்ந்த குளிர்ந்த இடத்தில் பல ஆண்டுகள் முளைப்புத்திறன் கெடாமல் இருக்கும்.

நிகோட்டின் இச்செடியின் பூச்சிக்கொல்லி. என்றாலும் எல்லாப் பூச்சியும் அதற்கு அஞ்சுவதில்லை. அமெரிக்காவில் விரல் தடிமனுள்ள கொம்புப்புழு ஒரே இரவில் ஓர் இலையைக் காலி செய்யும். நம் பக்கத்தில் வெட்டுப்புழுவும் அசுவினியும் தொல்லை தருகின்றன. வேரை ஒட்டி வாழும் ஓரோபாங்கி என்ற ஒட்டுண்ணிச் செடியைத் தமிழக விவசாயிகள் புகையிலைக் காளான் என்று அழைக்கிறார்கள். பச்சையமே இல்லாத அதை விதை உதிர்க்கும் முன் பிடுங்கி எரிக்காவிட்டால் பல ஆண்டுகள் மண்ணைவிட்டுப் போகாது. இலையில் தேமல் உண்டாக்கும் வைரஸ்தான் அறிவியல் கண்டறிந்த முதல் வைரஸ். 1892இல் இவனோவ்ஸ்கியும் 1898இல் பெய்ஜெரிங்க்கும் புகையிலைச் சாற்றை வடிகட்டிப் பார்த்தபோது அது பாக்டீரியாவைவிட நுண்ணிய ஒன்று என்பது தெரிந்தது. காய்ந்த இலையிலும் அது உயிர்ப்போடு இருப்பதால், புகையிலையைத் தொட்ட கையோடு தக்காளிக்கும் மிளகாய்க்கும் போகக் கூடாது.

எவ்வளவு கிடைக்கும்

பச்சை இலையின் எடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் நீர். பக்குவமாக வளர்த்த ஒரு செடியிலிருந்து வீட்டுத் தோட்டத்தில் 60 முதல் 100 கிராம் பதப்படுத்திய இலை கிடைக்கலாம். நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவர் ஆண்டுக்கு 7,300 சிகரெட் பிடிக்கிறார். ஒன்றுக்கு 0.7 கிராம் என்று வைத்தால் 5 கிலோவுக்குச் சற்று மேல். அதற்கு 50 முதல் 85 செடிகள், ஏறத்தாழ ஒரு சென்ட் நிலம் வேண்டும். மாடியில் நான்கு தொட்டி வைத்துச் சிகரெட் செலவைக் குறைக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

பதப்படுத்தல்

அடியிலைகள் முதலில் முற்றும். பச்சை வெளிறி, மஞ்சள் திட்டுகள் தோன்றி, நடுநரம்பு வெளுத்து, இலை சற்றுத் தடித்துப் பிசுபிசுக்கும்போது பறிக்கலாம். கீழிருந்து மேலாக வாரம் இரண்டு மூன்று இலையாகப் பறிப்பது ஒரு முறை. முழுச் செடியையும் வெட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது மற்றொரு முறை.

பறித்த இலை உடனே இறந்துவிடுவதில்லை. சில நாட்கள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த நாட்களில் இலையிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பச்சையம் சிதைந்து, அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. பிறகு செல்கள் உடைந்து நொதிகளோடு காற்று சேரும்போது, நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதுபோல் பழுப்பு ஏறுகிறது. இந்த வரிசையை எந்தக் கட்டத்தில் நிறுத்துகிறோம் என்பதே ஒரு வகைக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு. வெர்ஜீனியா இலையை மஞ்சளிலேயே சூடேற்றி நிறுத்திவிடுவதால் சர்க்கரை தங்கிவிடுகிறது. நிழலில் மெல்ல உலரும் பர்லியில் இலையே அந்தச் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடுகிறது.

வீட்டில் வளர்ப்போர் செய்யும் பெரும் பிழை அவசரம். பறித்த இலையை அன்றே கடும் வெயிலில் போட்டால் நொதிகள் வேலை செய்யுமுன் நீர் வற்றி இலை பச்சையாகவே உறைந்துவிடும். அதன் பிறகு எத்தனை மாதம் வைத்திருந்தாலும் புல் எரியும் வாடை போகாது. எதிர்ப்பக்கப் பிழை ஈரம். மழைக்காலத்தில் காற்றோட்டமில்லாத அறையில் தொங்கவிட்டால் நடுநரம்பிலிருந்து பூஞ்சணம் பூத்து ஒரே வாரத்தில் எல்லாம் போகும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு வரை இருக்கும் நிழலில், இலைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கினால் 4 முதல் 8 வாரத்தில் நடுநரம்பு படக்கென்று ஒடியும் நிலை வரும். அப்போது தொட்டால் இலையும் நொறுங்கும். அதிகாலைப் பனியில் ஈரம் வாங்கித் துணிபோல் மடங்கும்போதுதான் எடுத்துக் கட்ட வேண்டும். இந்தப் பதத்தைப் பழகிய கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதியவர்களுக்கு ஒரு பருவமாவது வீணாகாமல் வராது.

வெப்ப அறையில் பதப்படுத்தும் முறையின் வரலாற்றை மறக்காமல் சொல்ல வேண்டும். 1839இல் வட கரோலினாவின் காஸ்வெல் வட்டத்தில் ஒரு பண்ணையில், ஸ்டீபன் என்ற அடிமை இளைஞர் இலைக் கொட்டகையின் நெருப்பைக் காத்துக்கொண்டிருந்தார். கண்ணயர்ந்த வேளையில் தீ தணிந்தது. பதறி எழுந்து, கொல்லுலைக்காக வைத்திருந்த மரக்கரியை அள்ளிப் போட்டார். திடீரென ஏறிய சூட்டில் இலை பொன்மஞ்சளாகப் பதமாகி நின்றது. அந்தப் பொன்னிலையின் மேல்தான் பின்னாளில் சிகரெட் தொழில் எழுந்தது. பணம் பண்ணையாருக்குப் போனது. இன்று அதே முறையில் மஞ்சளாக்க 32 முதல் 38 டிகிரி, இலை உலர 50 டிகிரிக்கு மேல், நடுநரம்பு உலர 70 டிகிரிக்கு மேல் என்று படிப்படியாக ஏற்றி ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிக்கிறார்கள். வீட்டில் இதைச் செய்வது கடினம்.

உலர்ந்த இலையும் உடனே பயன்படாது. புதிதாக எரித்தால் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அதைப் போக்கக் குறைந்தது ஓராண்டு ஆறப்போட வேண்டும், அல்லது ஈரத்தோடு குவித்துத் தன்வெப்பத்தில் நொதிக்க விட வேண்டும். சுருட்டு இலைக்கு நூற்றுக்கணக்கான கிலோவைப் போராக அடுக்கி, நடுச்சூடு ஏறும்போது பிரித்து மாற்றி அடுக்குவார்கள். சில கிலோ இலையில் அந்தச் சூடு பிறக்காது. அதனால் அமெரிக்க வீட்டுத் தோட்டக்காரர்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியின் காப்பிட்ட உடலுக்குள் மெதுவாகச் சமைக்கும் மின்பானையில் நீர் வைத்து, 50 டிகிரி வெப்பத்தையும் 70 விழுக்காட்டு ஈரத்தையும் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி அதே மாற்றத்தைப் பெறுகிறார்கள். லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்துக்கே உரிய பெரிக் புகையிலை, பீப்பாயில் அழுத்திச் சொந்தச் சாற்றிலேயே மாதக்கணக்கில் நொதிப்பது. அதையும் சிறு சாடிகளில் செய்து பார்ப்பவர்கள் உண்டு.

தடையும் பஞ்சமும்

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் விஞ்ச்கோம் என்ற சிற்றூரில் 1619இல் புகையிலை பயிரிடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு முடிவில் அரசர் முதலாம் ஜேம்ஸ் இங்கிலாந்தில் புகையிலை வளர்ப்பதைத் தடை செய்தார். உடல்நலம் காரணமன்று, அவருக்குப் புகையிலை மீது வெறுப்பு இருந்தபோதிலும். வெர்ஜீனியாக் குடியேற்றத்துக்குச் சந்தை வேண்டும், துறைமுகத்தில் சுங்க வரி வேண்டும். கொல்லையில் வளரும் செடியால் இரண்டும் கெட்டன. ஊரார் விடவில்லை. நிலமற்ற ஏழைகளுக்கு அது கைநிறைய வேலை தந்தது. 1652இல் நாடாளுமன்றம் மீண்டும் தடை விதித்தது; பயிரை அழிக்கக் குதிரைப்படை அனுப்பப்பட்டது; மக்கள் எதிர்த்து நின்றார்கள். அரசர், குடியரசு, மீண்டும் அரசர் என்று ஆட்சி மாறியபோதும் இந்தத் தடை மட்டும் மாறவில்லை. 1910இல்தான் அது முற்றாக நீங்கியது.

இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் நின்றபோது ஐரோப்பாவின் கொல்லைகள் மீண்டும் புகையிலைத் தோட்டமாயின. பின்லாந்தில் ரஸ்டிகா இலைக்குக் கெஸ்ஸு என்று பெயர். தோற்ற ஜெர்மனியில் 1948 நாணயச் சீர்திருத்தம் வரை சிகரெட்டே பணமாகப் புழங்கியதால், மாடத் தொட்டியில் நின்ற செடி ஒரு குடும்பத்தின் சேமிப்பு போன்றது.

ரஷ்யாவில் இது பஞ்சகால ஏற்பாடாக இல்லாமல் நிலையான வழக்கமாகவே இருந்தது. ரஸ்டிகாவை இலையும் தண்டுமாகக் காயவைத்து இடித்த குருணைக்கு மகோர்க்கா என்றும், வீட்டில் விளைந்ததற்கு சமசாத் என்றும் பெயர். தானே நட்டது என்ற பொருளில். செய்தித்தாள் துண்டைக் கூம்பாகச் சுருட்டி முனையை வளைத்து அதில் இட்டுப் புகைப்பார்கள். அந்த வடிவத்தை ஆட்டுக்கால் என்றார்கள். போர்முனை வீரருக்கு ரொட்டியோடு மகோர்க்காவும் பங்கீடாக வந்தது. புகைக்காத பெண் வீரர்களுக்கு அதற்கு ஈடாக இனிப்பு கொடுத்தார்கள். 1990 கோடையில் சோவியத் கடைகளில் சிகரெட் தீர்ந்து மக்கள் தெருவில் இறங்கியபோது, கிராமத்துப் பாட்டிகளின் சமசாத் நகரச் சந்தைக்கு வந்தது.

யாழ்ப்பாணம்

தமிழர் வாழிடங்களில் புகையிலை வீட்டோடு ஒட்டியே வளர்ந்த இடம் யாழ்ப்பாணம். அங்கே போயிலை பெரும்பாலும் பணப்பயிர். திருவிதாங்கூருக்குத் தோணியில் போன நெடுநாள் வாணிபப் பொருள். ஆனாலும் அதன் அளவும் உழைப்பும் வீட்டுத் தோட்டத்தினுடையவை: கிணற்றடியில் சில பரப்புக் காணி, துலா மிதித்து இறைத்த நீர், பட்டி அடைத்துப் பெற்ற ஆட்டெரு, மண்ணில் தாழ்த்திய குழை. பறித்த இலையைக் குடிலில் தொங்கவிட்டுத் தேங்காய்ப் பொச்சை மூட்டிப் புகைகாட்டுவார்கள். அந்தப் புகை மணமே வெற்றிலையோடு மெல்லும் யாழ்ப்பாணப் புகையிலையின் அடையாளம். சுருட்டுக்கான இலைக்குத் தனிப் பக்குவம் உண்டு.

தமிழ்நாட்டில் வேதாரண்யமும் திண்டுக்கல், வேடசந்தூர் பக்கமும் பேர்பெற்றவை. இன்று தமிழக விவசாயிகள் சிலர் வரப்போரம் நாலைந்து செடி நடுவது புகைக்க அன்று, புகையிலைக் கஷாயத்துக்காக. இலையை ஊறவைத்தோ காய்ச்சியோ வடிகட்டிச் சோப்பு கலந்து அசுவினிக்குத் தெளிப்பார்கள். செடியிலிருந்து வந்தது என்பதால் அது சாதுவான மருந்து என்று எண்ணக் கூடாது. நிகோட்டின் மனிதருக்கும் கடுமையான நஞ்சு. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள் புகையிலைத் தூளைத் தடை செய்திருக்கின்றன.

சட்டம்

பக்கத்துப் பக்கத்து நாடுகளிலேயே சட்டம் நேரெதிராக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கலால் உரிமமின்றி ஒரு செடி வளர்ப்பதும் குற்றம். நியூசிலாந்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வரை அனுமதி உண்டு. முன்பு அது 15 கிலோவாக இருந்தது. கனடாவில் வசிக்கும் நிலத்திலேயே வளர்த்தால் 18 வயதான ஒவ்வொருவருக்கும் 15 கிலோ. அமெரிக்காவில் சொந்தத்துக்கு வளர்க்கும் இலைக்குக் கூட்டரசின் வரி இல்லை. 2009 ஏப்ரலில் சுருட்டிப் புகைக்கும் புகையிலையின் வரியைப் பவுண்டுக்கு 1.0969 டாலரிலிருந்து 24.78 டாலராக உயர்த்தியபோது, வரியில்லாத சொந்த இலை பலருக்கு மாற்று வழியாயிற்று. இந்தியாவில் 1943இல் இன்னும் விற்பனைப் பொருளாக்கப்படாத வெறும் புகையிலைக்கே கலால் வரி வந்தது, 1979இல் நீக்கப்பட்டது. வணிகத்துக்காக வெர்ஜீனியா இலை பயிரிடுவோர் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி புகையிலை வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும்.

தீங்கு

தொழிற்சாலை சேர்க்கும் இரசாயனம்தான் கேடு, சொந்த இலை தூய்மையானது என்ற நம்பிக்கை வீட்டுப் புகையிலை வளர்ப்போரிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு, உயிரைப் பறிக்கும் தவறு. தாரும் கார்பன் மோனாக்சைடும் எந்த இலையை எரித்தாலும் வரும். புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் பதப்படுத்தும்போதே இலைக்குள் உருவாகின்றன. ஈரமும் வெப்பமும் கட்டுப்பாடின்றி நீண்டால் பாக்டீரியா பெருகி அவை மேலும் கூடும். மெல்லும் இலைக்கும் இது பொருந்தும். வீட்டு இலையில் நிகோட்டின் அளவை அளந்து சொல்ல யாருமில்லை. ரஸ்டிகாவாக இருந்தால் ஒரு சுருளிலேயே தலைசுற்றும். புகையிலையால் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

புகைக்காதவருக்கும் செடியால் ஆபத்து உண்டு. பனியிலும் மழையிலும் நனைந்த இலையை வெறுங்கையால் பறித்தால் நிகோட்டின் தோல் வழியே உடலில் ஏறி, குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல் வரும். பச்சைப் புகையிலை நோய் என்று இதற்குப் பெயர். ஈரம் காய்ந்தபின் கையுறையோடு பறிப்பதும், நனைந்த உடையை உடனே மாற்றுவதும், சோப்பிட்டுக் கழுவுவதும் காப்பு. நிகோட்டினுக்கு உடல் பழகாத சிறுவர்களை இந்த வேலைக்கு விடவே கூடாது. இலை தொங்கும் அறை படுக்கையறையாகவோ சமையலறையாகவோ இருக்கலாகாது. காய்ந்த இலைத் துணுக்கைத் தவழும் குழந்தை வாயில் வைத்தாலும் நஞ்சேறும் என்பதால், கட்டிய இலையைப் பூட்டி வைப்பதும் தரையை அன்றன்றே கூட்டுவதும் இந்த வேலையின் பகுதிகள்.